எஸ்ஏடி இலக்கணம்: காதை நம்புவதா, விதியைப் படிப்பதா?

அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அமெரிக்காவில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க எஸ்ஏடி எழுதப் போகிறாள். கணக்கைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. ஆங்கிலத்தில்தான் இடிக்கிறது, அதிலும் இலக்கணக் கேள்விகளில். மாதிரித் தேர்வு ஒவ்வொன்றிலும் அவற்றில் பாதிக்குப் பாதி தப்பாகப் போய்க்கொண்டிருந்தது. தேர்வுக்குப் பத்து வாரம் இருக்கையில் வந்து கேட்டாள்: "மாமா, ஒரு கிராமர் புக்கை எடுத்து முழுசாப் படிச்சிடவா? இல்ல, கேள்வியாப் போட்டுப் போட்டுப் பழகவா?"

"சரி, இப்ப எப்படிப் போடறே?"

"மனசுக்குள்ள படிச்சுப் பார்ப்பேன். எது காதுக்குச் சரியாப் படுதோ அதைப் போடுவேன்."

ஆக, அவள் முன்னால் இருந்தவை மூன்று வழிகள். காதை நம்புவது, விதியைப் படிப்பது, கேள்வியிலேயே பழகுவது. இந்த மூன்றையும் அவளோடு உட்கார்ந்து சோதித்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதைத்தான் எழுதுகிறேன். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

முதலில் தேர்வின் அளவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்த வழி என்பதை அதுதான் பாதி தீர்மானிக்கிறது. எஸ்ஏடியை நடத்துவது அமெரிக்காவின் காலேஜ் போர்டு. இந்தியா போன்ற வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் தேர்வு கணினிக்கு மாறிவிட்டது. ஆங்கிலப் பகுதியில் 54 கேள்வி, 64 நிமிடம். அதை 27 கேள்வி, 32 நிமிடம் என்று இரண்டு கூறாக உடைத்திருக்கிறார்கள். முதல் கூறை எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது கூறு கடினமாகவோ எளிதாகவோ வரும். மொத்தம் 54-இல் 11 முதல் 15 வரை சுத்தமான இலக்கணக் கேள்விகள். ஒரு சின்னப் பத்தி, அதில் ஒரு கோடிட்ட இடம், கீழே நான்கு விடை. தப்புக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது.

என்னவெல்லாம் கேட்பார்கள் என்பதும் வெளிப்படையாகவே இருக்கிறது. ஒரு பிரிவு வாக்கிய எல்லைகள்: எங்கே கமா, எங்கே செமிகோலன், எங்கே முற்றுப்புள்ளி, எங்கே ஒன்றுமே வேண்டாம். மற்றப் பிரிவு சொல் வடிவம்: எழுவாய்க்கும் வினைக்கும் எண் பொருந்துகிறதா, இட், தே, தெயர் போன்ற சொற்கள் எதைச் சுட்டுகின்றன, வினை எந்தக் காலத்தில் நிற்க வேண்டும், அது முற்றா எச்சமா, வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் அடைமொழி யாருக்குச் சேர வேண்டும், அப்பாஸ்ட்ரஃபி வேண்டுமா வேண்டாமா. அவ்வளவுதான். ஒரு தாளில் எழுதிவிடலாம்.

காது எங்கே ஏமாற்றுகிறது

காதை நான் மட்டமாகப் பேச மாட்டேன். சின்ன வயதிலிருந்து ஆங்கில நாவல்களைக் கரைத்துக் குடித்த பிள்ளைக்கு வினையின் காலம் தானாகவே சரியாக வந்து விழும். விதி கேட்டால் சொல்லத் தெரியாது, விடை மட்டும் சரியாக இருக்கும். ஆனால் நம் காதைப் பழக்கியது தமிழ். ஆங்கிலத்தைக் கேட்கும்போதும் அது தமிழ்க் காதாகத்தான் கேட்கிறது. இதை அக்கா மகளிடம் காட்ட நானே ஒரு கேள்வி செய்து கொடுத்தேன்:

'தி கலெக்‌ஷன் ஆஃப் பாம் லீஃப் மேனுஸ்க்ரிப்ட்ஸ் ____ கெப்ட் இன் அ கூல் ரூம்.' விடைகள்: ஆர், வேர், ஹேவ் பீன், இஸ்.

யோசிக்காமல் 'ஆர்' என்றாள். கோடிட்ட இடத்துக்குப் பக்கத்தில் மேனுஸ்க்ரிப்ட்ஸ் இருக்கிறது, பன்மை, காதுக்கு ஒத்துப்போகிறது. ஆனால் வைக்கப்பட்டிருப்பது தொகுப்பு, அது ஒருமை. சரியான விடை 'இஸ்'.

இதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஓலைச்சுவடிகளின் தொகுப்பு குளிர்ந்த அறையில் வைக்கப்பட்டிருக்கிறது.' தமிழில் அடைகள் எல்லாம் முன்னே போய்விடும், தலைச்சொல் கடைசியில் நிற்கும். தொடரின் கடைசிப் பெயரைக் கவனித்தால் போதும், எழுவாய் கிடைத்துவிடும். ஆயுள் முழுக்க அப்படிக் கேட்டே பழகிய காது அது. ஆங்கிலத்தில் தலை முன்னால் நிற்கிறது, வால் பின்னால் நீள்கிறது. கடைசிப் பெயரைப் பிடித்தால் வால்தான் கையில் வரும். கேள்வி தயாரிப்பவர்கள் அந்த வாலை வேண்டுமென்றே நீட்டி, அதன் நுனியில் எதிர் எண்ணில் ஒரு பெயரை வைக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எழுத்தில் 'மாடுகள் வந்தன' என்று எழுதுகிறோம். பேச்சில் 'மாடெல்லாம் வந்துச்சு'. அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை போடுவது நம் பேச்சில் யாருக்கும் உறுத்தாது. ஆகவே ஆங்கிலத்தில் எண் பொருந்தாமல் போகும்போதும் உள்ளே மணி அடிப்பதில்லை.

கமா விஷயத்தில் காது இன்னும் மோசம். 'விளக்கு அணைந்தது, நாய் குரைத்தது, யாரோ கதவைத் தட்டினார்கள்.' நல்ல தமிழ். மூன்று முற்று வாக்கியங்களைக் கமா போட்டே கோத்திருக்கிறோம், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். எஸ்ஏடியில் இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே வெறும் கமா வந்தால் அது தப்பு, வாதத்துக்கே இடமில்லை. பள்ளியில் 'மூச்சு விடும் இடத்தில் கமா போடு' என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஒரு வரியை மறக்கடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கமாவுக்கும் செமிகோலனுக்கும் காதில் என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை. இரண்டையும் படித்தால் ஒரே மாதிரிதான் கேட்கும். நிறுத்தற்குறிக் கேள்வியில் காதைக் கேட்பது, உப்பு சரியா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது போல. இது நாவல் படித்த பிள்ளைக்கும் பொருந்தும்.

காது உதவும் இடம் ஒன்று உண்டு, வேடிக்கை என்னவென்றால் அங்கே உதவுவது தமிழ்க் காது. 'வாக்கிங் த்ரூ தி மார்க்கெட், தி ஸ்மெல் ஆஃப் ஜாஸ்மின் சரவுண்டட் ஹெர்.' ஆங்கிலத்தில் படித்தால் அழகாகத்தான் இருக்கிறது, அவளும் சரி என்றாள். தமிழில் சொல்லச் சொன்னேன். 'சந்தை வழியாக நடந்து, மல்லிகை மணம் அவளைச் சூழ்ந்தது.' சொல்லும்போதே சிரித்துவிட்டாள். மணம் எப்படி நடக்கும்? 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடிய வேண்டும் என்பது நன்னூலே சொல்லும் விதி. நடந்தவள்தான் அடுத்த வினையையும் செய்ய வேண்டும். ஆங்கிலத்திலும் அதுவேதான்: கமாவுக்கு அடுத்து 'ஷீ' வர வேண்டும். ('மழை பெய்து குளம் நிறைந்தது' என்கிறோமே என்று கேட்பீர்கள். காரணம் காட்டும் தொடர்களில் தமிழ் அப்படி ஒரு சலுகை தருகிறது. எஸ்ஏடி தருவதில்லை.)

தடித்த புத்தகம் ஏன் வேண்டாம்

அவள் கேட்ட இரண்டாவது வழி, இலக்கணப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படிப்பது. நம் ஊர்ப் பெற்றோர்களுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். படிக்கிற மாதிரி தெரியும், பக்கம் நகரும்.

நம் பள்ளி இலக்கணத்தில் எதற்கு அதிக இடம் என்று யோசித்துப் பாருங்கள். ஆக்டிவ் வாய்ஸை பாசிவ் ஆக்கு, டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஆக்கு, டிகிரி ஆஃப் கம்பாரிசனை மாற்று, கொஸ்டின் டேக் சேர், பொருத்தமான ப்ரெப்போசிஷனைப் போடு. எஸ்ஏடியின் இலக்கணப் பட்டியலில் இவை எதுவும் இல்லை. நேர்மாறாக, அங்கே பெரும் பங்கு பிடிக்கும் நிறுத்தற்குறிகளுக்குப் பள்ளிப் புத்தகத்தில் கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள், அதையும் நேரமில்லை என்று விட்டுவிடுவார்கள். நாற்பது அதிகாரம் படித்துவிட்டுப் போனால் அதில் ஐந்து அதிகாரத்துக்குத்தான் வேலை.

ஆனால் விதியே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. விதி வேண்டும், கொஞ்சமாக வேண்டும், கைவசம் வேண்டும். பத்தாம் வகுப்புத் தமிழை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும் என்பதுதான் யாரும் சொல்லாத விஷயம். இந்தக் கேள்வியைப் பாருங்கள்:

'தி சயின்டிஸ்ட், ஹூ ஸ்டடீட் ஆன்ட்ஸ் ஃபார் ட்வென்டி இயர்ஸ், ____ அ நியூ ஸ்பீஷீஸ்.' விடைகள்: டிஸ்கவரிங், டு டிஸ்கவர், ஹேவிங் டிஸ்கவர்ட், டிஸ்கவர்ட்.

ஆங்கில இலக்கணக்காரர்கள் இதை ஃபைனைட், நான்-ஃபைனைட் என்று விளக்குவார்கள், கேட்கும் பிள்ளை கொட்டாவி விடும். தமிழில் சொன்னால் ஒரே வரி: வாக்கியத்துக்கு வினைமுற்று வேண்டும். 'ஹூ ஸ்டடீட்' என்பது 'ஆராய்ந்த' என்னும் பெயரெச்சத்தின் வேலையைச் செய்கிறது, விஞ்ஞானியோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. 'இருபது ஆண்டு எறும்புகளை ஆராய்ந்த விஞ்ஞானி...' சரி, என்ன செய்தார்? டிஸ்கவரிங் என்றால் 'கண்டுபிடித்துக்கொண்டு', டு டிஸ்கவர் என்றால் 'கண்டுபிடிக்க', ஹேவிங் டிஸ்கவர்ட் என்றால் 'கண்டுபிடித்துவிட்டு'. மூன்றும் எச்சம், வாக்கியம் அந்தரத்தில் தொங்குகிறது. 'கண்டுபிடித்தார்' என்று முடிப்பது டிஸ்கவர்ட் மட்டும். இதைச் சொன்ன பிறகு இந்த வகையில் அவள் தப்பு செய்ததாக எனக்கு நினைவில்லை.

நிறுத்தற்குறிக்கும் அதே முற்றுதான் சாவி. கோடிட்ட இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முழு வாக்கியம் இருக்கிறதா, அந்தப் பக்கமும் இருக்கிறதா? இரண்டு பக்கமும் முழு வாக்கியம் என்றால் முற்றுப்புள்ளி போடலாம், செமிகோலன் போடலாம், அல்லது கமாவோடு அண்ட், பட், சோ என்று ஓர் இணைப்புச் சொல் போடலாம். பின்னால் வருவது முன்னால் சொன்னதை விளக்கினால் கோலனோ டேஷோ போடலாம். வெறும் கமா போட முடியாது, வெறுமனே விடவும் முடியாது. இதில் ஒரு பொறி உண்டு. 'தி ரிவர் ட்ரைட் அப், தேர்ஃபோர் தி ஃபார்மர்ஸ் டக் வெல்ஸ்' என்று ஒரு விடை இருக்கும். 'ஆகவே' என்று இணைத்துவிட்டோமே என்று தோன்றும். தேர்ஃபோர், ஹவெவர் போன்றவை வாக்கியங்களை இணைக்கும் அதிகாரம் இல்லாத சொற்கள். அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடுவே செமிகோலனோ முற்றுப்புள்ளியோ வேண்டும்.

ஆள் பெயருக்கு முன்னால் பட்டம் வந்தால் கமா வேண்டாம் என்பது இன்னொரு சின்ன விதி, கேள்விகளில் அடிக்கடி தலைகாட்டும். 'இண்டியன் ஃபிசிசிஸ்ட் சி. வி. ராமன் வன் தி நோபல் ப்ரைஸ் இன் 1930.' ராமனுக்கு முன்னும் பின்னும் கமா போடச் சொல்லும் விடை கண்ணுக்கு மரியாதையாகத் தெரியும், ஆனால் தப்பு. தமிழில் 'இயற்பியலாளர் சி. வி. ராமன் நோபல் பரிசு பெற்றார்' என்று எழுதும்போது நடுவே கமா போடுகிறோமா? இல்லையே. அதே விவரத்தைப் பெயருக்குப் பின்னால் கொண்டுபோய், 'ராமன், அன் இண்டியன் ஃபிசிசிஸ்ட்,' என்று எழுதினால் இரண்டு பக்கமும் கமா வேண்டும். ஒரு பக்கம் போட்டு மறு பக்கம் விட்டால் அதுவும் தப்பு.

அப்பாஸ்ட்ரஃபி பற்றி நீட்ட ஒன்றுமில்லை. உடையது என்றால் வரும், வெறும் பன்மை என்றால் வராது, 'இட்ஸ்' மட்டும் தலைகீழ். ஒரு மாலை போதும்.

கேள்வியாகப் போட்டுத் தள்ளுவது

மூன்றாவது வழிக்கு ஆதரவாளர்கள் நிறையப் பேர். நூறு கேள்வி போட்டால் தானாக வரும், ஐந்நூறு போட்டால் கை பழகிவிடும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. கேள்விகளின் வாடை பழகும், வேகம் வரும். ஆனால் விதி தெரியாமல் போடும் பிள்ளை அந்தக் கேள்வியின் விடையைக் கற்றுக்கொள்கிறது, காரணத்தை அல்ல. அடுத்த வாரம் அதே காரணம் வேறு உடுப்பில் வந்தால் திரும்பவும் விழும்.

நல்ல கேள்விகள் கணக்கில்லாமல் கிடைப்பதும் இல்லை. காலேஜ் போர்டு ப்ளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகளைத் தருகிறது, அவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதன் வினாவங்கி இணையத்தில் இலவசம். பிரிவு, திறன், கடினம் என்று வடிகட்டி எடுக்கலாம், மாதிரித் தேர்வுகளில் வரும் கேள்விகளை விலக்கிவிட்டு எடுக்கவும் வசதி உண்டு. அந்த விலக்கும் பெட்டியை டிக் செய்யாமல் இவள் பாதி வினாவங்கியைப் போட்டுவிட்டாள். பிறகு மாதிரித் தேர்வில் ஏற்கெனவே பார்த்த கேள்விகள் வந்து, மதிப்பெண் பொய்யாக ஏறிக்கொண்டது. கான் அகாடமி என்னும் இணையதளத்திலும் காலேஜ் போர்டோடு சேர்ந்து செய்த இலவசப் பாடம் இருக்கிறது. இவற்றுக்கு வெளியே போனால் தரம் யார் கையில் என்று தெரியாது. ஒரு பயிற்சி நிறுவனத்தின் தாளை யாரோ கொடுத்தார்கள் என்று வாங்கி வந்தாள். அதில் ஒரு கேள்விக்குக் கோலனும் சரி, டேஷும் சரி. விடைத்தாளில் கோலன் மட்டும். அரை மணி நேரம் அவள் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெட்ட கேள்வி செய்யும் கெடுதல் இதுதான். உள்ளே இருக்கும் சரியான விதியையும் அது ஆட்டிப் பார்க்கும்.

போட்ட கேள்வியை என்ன செய்கிறோம் என்பதுதான் இந்த வழியின் உயிர். தப்பு நோட்டு ஒன்று வைக்கச் சொன்னேன். முதல் வாரம் பார்த்தால் காரணம் என்ற இடத்தில் வரிசையாகக் 'கவனக்குறைவு', 'கவனக்குறைவு', 'கவனக்குறைவு'. அந்தச் சொல்லைத் தடை செய்தேன். எந்தச் சொல்லைப் பார்த்து ஏமாந்தாய் என்று மட்டும் எழுது என்றேன். இரண்டாவது வாரத்தில் நோட்டு வேறு மாதிரி பேசியது: 'மேனுஸ்க்ரிப்ட்ஸைப் பார்த்து', 'ஹவெவரைப் பார்த்து', 'இரண்டாவது கமாவை மறந்து'. பதினெட்டுத் தப்பில் ஏழு வால் தப்பு, ஆறு வெறும் கமா. ஆக, சாப்பிட வேண்டிய மருந்து இரண்டே இரண்டு.

விடையிலிருந்து தொடங்குவது

மூன்றையும் பார்த்தபின் அவளுக்கு நான் சொன்னது, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே என்பதுதான். கேள்விக்கு ஏற்ப வழி மாற வேண்டும். எது எந்தக் கேள்வி என்று எப்படித் தெரியும்? பத்தியைப் படிக்கும் முன் நான்கு விடையையும் ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்கிலும் சொல் ஒன்றே, குறி மட்டும் மாறுகிறதா? காதை மூடிக்கொள். இரு பக்கமும் முற்றைத் தேடு. நான்கும் ஒரே வினையின் நான்கு வடிவமா? வாக்கியத்தில் வேறு முற்று இருக்கிறதா என்று பார், அப்புறம் எழுவாயைப் பார், வாலை விரலால் மறைத்துக்கொள். எண்ணும் முற்றும் சரியாக இருந்து காலம் மட்டும் மாறினால், அப்போது பத்தியில் உள்ள மற்ற வினைகளைப் படித்துக் காதைக் கேள், அங்கே அது பெரும்பாலும் நல்ல ஆலோசகர். விடைகள் நான்கும் நீளமாக, ஒரே சங்கதியை வரிசை மாற்றிச் சொல்கின்றனவா? தமிழில் சொல்லிப் பார், நடந்தது யார் என்று கேள்.

இப்படி விடைகளை ஒப்பிடுவதில் சில குறுக்குவழிகளும் கிடைக்கும். முதலில் சொன்ன சுவடிக் கேள்வியில் ஆர், வேர், ஹேவ் பீன் மூன்றும் பன்மை, இஸ் மட்டும் ஒருமை. மூன்று ஒரே பக்கம் நின்றால் தனித்து நிற்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். மற்ற எதுவும் மாறாமல் ஒரு விடையில் முற்றுப்புள்ளியும் இன்னொன்றில் செமிகோலனும் இருந்தால், இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை, இரண்டுமே விடையாக இருக்க முடியாது, ஆகவே இரண்டையும் அடித்துவிடலாம். குறுக்குவழியில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. கடினமான இரண்டாம் கூறில் இப்படித் தனித்து நிற்கும் விடைகள் அவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. சந்தேகத்தைத் தீர்க்க அது உதவும், விதிக்குப் பதிலாக நிற்காது.

நேரக் கணக்கும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 32 நிமிடத்தை 27-ஆல் வகுத்தால் கேள்விக்கு 71 விநாடி. விடையிலிருந்து தொடங்கினால் இலக்கணக் கேள்வி அரை நிமிடத்தில் முடியும். ஒரு கூறில் ஆறேழு இலக்கணக் கேள்வி என்று வைத்துக்கொண்டால் நாலு நிமிடத்துக்கு மேல் மிச்சம். வாசித்துப் புரிந்துகொள்ளும் கேள்விகளில் திணறும் பிள்ளைக்கு அந்த நாலு நிமிடம் தங்கம்.

இலக்கணத்தை முதலில் முடித்துவிட்டுத் திரும்பி வருவதா, வரிசையாகப் போவதா என்றும் கேட்பார்கள். கேள்விகள் வகைவாரியாகத்தான் வரும். சொற்பொருளும் வாசிப்பும் முதலில், இலக்கணம் அவற்றுக்குப் பின், கடைசியில் குறிப்புகளை வாக்கியமாக்கும் கேள்விகள். ஒரே கூறுக்குள் முன்னே பின்னே போகலாம். அக்கா மகள் நடுவில் வரும் வாசிப்புக் கேள்விகளில் மாட்டிக்கொண்டு, இலக்கணத்துக்கு வரும்போது மூச்சு வாங்குவாள். ஆகவே முதலில் சொற்பொருள் கேள்விகள், பிறகு நேரே தாவி இலக்கணம், பிறகு விட்ட இடம் என்று மாற்றிக்கொண்டாள். தாவுவதே பதற்றம் தரும் பிள்ளைகள் வரிசையாகப் போவதே நல்லது.

யாருக்கு எது

பத்து வாரம் இருந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளர்ந்த பிள்ளைக்கு: முதல் இரண்டு வாரம் அந்த ஒரு தாள் விதிகள், தமிழ் இலக்கணத்தோடு பொருத்தி. அடுத்த ஐந்து வாரம் வினாவங்கியில் வகைவாரியாக, ஒரு நாள் ஒரு வகை, தப்பு நோட்டோடு. கடைசி மூன்று வாரம் கலந்து போடுவதும் முழுத் தேர்வும். முழுத் தேர்வுகளை முதல் வாரத்திலேயே எரித்துவிடக் கூடாது.

மூன்றே வாரம் இருந்தால் வாக்கிய எல்லையையும் எழுவாய்-வினைப் பொருத்தத்தையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதைக் காதிடம் விட்டுவிடலாம், வேறு வழி இல்லை.

நிறைய வாசிக்கும் பிள்ளை என்றால் சொல் வடிவத்தில் காதை நம்பட்டும், நிறுத்தற்குறிக்கு மட்டும் விதி. இந்தப் பிள்ளைகளிடம் விதியைத் திணித்தால் ஏற்கெனவே சரியாகப் போட்டவற்றையும் சந்தேகப்பட்டு மாற்றிவிடுவார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

பயிற்சி வகுப்பு இலக்கணத்துக்கு மட்டும் என்றால் தேவையில்லை என்பது என் கட்சி. உட்கார வைத்து நோட்டைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் வீட்டில் இல்லையென்றால் வகுப்பு சரி.

பரணில் இருக்கும் பழைய புத்தகங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அண்ணன் விட்டுப்போனது என்று எடுத்து வருவார்கள். காகிதக் காலத்து எஸ்ஏடி தாள்களில் இலக்கணம் வரும் எழுத்துப் பகுதியில் 44 கேள்வி, நீண்ட பத்திகள், 'மாற்றம் வேண்டாம்' என்று ஒரு விடை. நிறுத்தற்குறிக்கு இன்றும் நல்ல பயிற்சி, ஆனால் சொல் தேர்வு பற்றிய கேள்விகளைத் தாண்டிப் போய்விடலாம். எஸ்ஏடிக்கு மாற்றாக அமெரிக்கக் கல்லூரிகள் ஏற்கும் ஏசிடி தேர்வின் ஆங்கிலப் பகுதி இப்போதைய புதிய வடிவத்தில் 50 கேள்வி, 35 நிமிடம். முன்பு 75 கேள்வி, 45 நிமிடம். சொல் மிகுதியை வெட்டச் சொல்லும் கேள்விகள் அதில் நிறைய. இரண்டையும் எழுதிப் பார்க்க நினைப்பவருக்கு நிறுத்தற்குறி விதிகள் பொதுச் சொத்து. ஜிமேட் புத்தகம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் வாக்கியத் திருத்தக் கேள்விகள் எம்பிஏக்குப் போகிறவர்களுக்கானவை. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் ஜிமேட்டே அவற்றைக் கைவிட்டுவிட்டது.

அக்கா மகளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வால் தப்பு நின்றுவிட்டது, வெறும் கமா அநேகமாக நின்றுவிட்டது. இப்போது அவளை விழத்தட்டுவது ஒரே ஒரு வகை, வினை முன்னால் வந்து எழுவாய் பின்னால் வருவது. 'இன் தி காரிடார் ஆஃப் தி டெம்பிள் ____ டூ ஸ்டோன் எலிஃபன்ட்ஸ்.' ஸ்டாண்டா, ஸ்டாண்ட்ஸா? காரிடார், டெம்பிள் என்று இரண்டு ஒருமைகளைக் கடந்து வருவதால் 'ஸ்டாண்ட்ஸ்' என்று போட்டுவிடுகிறாள். நிற்பவை யானைகள் என்று சொன்னால் நெற்றியில் அடித்துக்கொள்கிறாள். வினையைக் கடைசியில் எதிர்பார்த்தே வளர்ந்த காதுக்கு, அதற்கு அப்புறமும் தேட வேண்டும் என்று தோன்றுவதில்லை. வினாவங்கியில் எழுவாய்-வினைப் பொருத்தத்தில் கடினமானவற்றை மட்டும் வடிகட்டி, இந்த வாரம் முழுக்க அதையே போட்டுக்கொண்டிருக்கிறாள்.